ஏழை மாணவரும் கல்லூரியும்: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து வரலாறு

தென்பெண்ணைக் கரையருகே உள்ள திருவெண்ணெய்நல்லூருக்குப் பெருமைகள் பல. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட தலம் அது; மெய்கண்டார் வாழ்ந்த ஊர் அது. இவற்றோடு கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் என்னும் பெயரும் அதற்கு உண்டு. சடையப்பர் வாழ்ந்த வெண்ணெய்நல்லூர் சோழநாட்டில் உள்ள வேறோர் ஊர் என்பாரும் உளர். அந்த வழக்கு எப்படி முடியினும், அக்கதை சொல்லும் உண்மை ஒன்று மாறாது. ஒருவன் கற்கவும் எழுதவும் வேண்டுமாயின், அவனுக்கு வேளை தவறாமல் சோறிடும் ஒருவர் வேண்டும். கம்பர் தம் காப்பியத்துள் ஆங்காங்கே அவ்வள்ளலை நினைத்துக்கொண்டது இதனை அறிந்தே.

அவ்வூருக்கு அணித்தே திருநறுங்கொண்டை உள்ளது. அங்கிருந்த குணபத்திர முனிவரிடம் பயின்றவர் சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டலபுருடர். அவர் திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூரைச் சார்ந்தவர் என்பது மரபு. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல் அது. அறவோர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்துக்குப் பெயராயிற்று. உண்டி, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களை ஒருங்கே வைத்து எண்ணிய சமயத்தார்க்கு, உறைவிடமும் கல்வியும் ஒரே சொல்லில் அடங்கியது வியப்பன்று.

ஆயின் ஆங்கிலேயர் காலத்துக் கல்லூரி அப்படி அமையவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. கல்லூரிகள் நகரங்களில் இருந்தன. கற்க வேண்டியவரோ ஊர்ப்புறங்களில் இருந்தனர். கட்டணம் ஒரு தடை. ஆங்கிலம் மற்றொரு தடை. இவ்விரண்டையும் கடந்து வந்தவனுக்கும் நகரில் எங்கே தங்குவது, எங்கே உண்பது என்னும் கேள்வி எழுந்தது. உறவினர் வீட்டுத் திண்ணை வசதி படைத்த சாதியார்க்குக் கிடைத்தது. ஏனையோர்க்கு அதுவும் இல்லை. தமிழகத்தில் ஏழை மாணவர்க்கான கல்லூரி உதவி என்பதன் வரலாறு வகுப்பறையில் தொடங்காமல் விடுதியில் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905-இல் ஏழு சிறுவர்களோடு தொடங்கப்பட்டது. ஏழை மாணவர்க்கு உணவும் இடமும் தந்து பள்ளி, கல்லூரிகளுக்கு அனுப்புவது அதன் பணி. பெண்கள் நிலை இதனினும் கடினமானது. இளமையிலேயே கணவனை இழந்த சிறுமியர் படிக்க விரும்பினால் அவர்களை ஏற்கும் வீடு கிடைப்பது அரிது. சகோதரி சுப்பலட்சுமி அத்தகைய பெண்களுக்காக 1912-இல் தொடங்கிய இல்லம் பின்னர்க் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. 1914-இல் அதே கடற்கரையில் அரசு தொடங்கிய மகளிர் கல்லூரி, இராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. விடுதி ஒருபுறமும் கல்லூரி ஒருபுறமும் அருகருகே அமைந்ததனால், அடுக்களையில் முடங்கியிருக்க வேண்டிய பெண்கள் சிலர் பட்டம் பெற்று ஆசிரியைகளாயினர். தேவதாசிக் குலத்துப் பெண்பிள்ளைகளை ஏற்க விடுதிகள் மறுத்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தார். கல்லூரியில் இடம் கிடைப்பதும் விடுதியில் இடம் கிடைப்பதும் வேறு வேறு என்பதை இவ்விரு பெண்மணிகளும் நன்கு உணர்ந்திருந்தனர். விடுதியிலேயும் பந்தி என்று ஒன்று உண்டு. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததனால் எழுந்த கிளர்ச்சி தமிழக அரசியலையே மாற்றியது.

தென்னார்க்காட்டில் இப்பணியைத் தலைமேற்கொண்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த அவருடைய இளமைப் பெயர் முனுசாமி. அவர் பயின்றது திண்டிவனத்து அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில். சமயம் மாற இசையாமையால் அங்கே படிப்பைத் தொடர இயலவில்லை என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். பெற்றோருடன் கோலார் தங்கவயலுக்குச் சென்று, பின் வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் மடத்தை அடைந்து துறவியானார். பிறகு சிதம்பரம் வந்து, நந்தனார் பெயராலே 1916-இல் ஒரு கல்விக் கழகத்தை நிறுவினார். தீண்டாமையின் கொடுமையை நேரிற் கண்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் அதனோடு விடுதியும் அங்கே அமைந்தன. பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் நெடுங்காலம் இருந்த அவர் 1959-இல் மறைந்தார்.

சிதம்பரத்தில் அவர் பள்ளி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1929-இல் அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. தென்னார்க்காட்டுப் பிள்ளைகளுக்குச் சென்னையை விட்டால் உயர்கல்விக்குக் கிட்டிய இடம் அதுவே. ஆயினும் பல்கலைக்கழகம் மாவட்டத்துக்குள் வந்தது என்பதாலேயே ஊர்ப்புறத்துப் பிள்ளை அங்கே போய்விடவில்லை. நந்தனார் பள்ளி போன்றவை கீழ்ப்படியைக் கட்டித் தந்த பிறகே மேற்படியில் கால் வைக்க முடிந்தது. படி இல்லாத மாடியைக் கட்டுவது அக்கால அரசுக்குப் பழகிப்போன ஒன்று.

அரசின் பங்கு எப்போது தொடங்கியது? 1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு, தொழிலாளர் ஆணையரிடம் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலத்தையும் ஒப்படைத்தது. 'லேபர் டிபார்ட்மெண்ட் பள்ளி' என்று முதியோர் வாயில் வழங்கும் பெயர் அக்காலத்தது. பள்ளிகளோடு விடுதிகளும் உதவித்தொகையும் அத்துறையின் பொறுப்பாயின. அத்துறையின் வழிவந்ததே இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை. இந்திய அளவில், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் வற்புறுத்தியதன் பயனாக, 1944-இல் பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது பழங்குடியினருக்கும் விரிந்தது. கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தருவது அதன் சிறப்பு. எண்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் இத்திட்டம் இல்லையேல், பல்லாயிரம் குடும்பங்களில் இன்றும் முதற்பட்டதாரி தோன்றியிருக்கமாட்டார்.

உதவித்தொகை கிடைத்தாலும் சேர்வதற்கு இடம் வேண்டுமே. இங்கே மறுபடியும் திண்டிவனம் வட்டாரம் வரலாற்றில் நுழைகிறது. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் அவ்வட்டாரத்து ஓமந்தூரைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தவர். நீதிக்கட்சிக் காலத்திலிருந்து நடைமுறையில் இருந்த வகுப்புவாரி ஆணையை அவருடைய அரசு 1947-இல் திருத்தியது. அதன்படி 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பகிர்வு அமைந்தது. 'பிற்படுத்தப்பட்ட இந்துக்கள்' என்னும் தனிப்பிரிவு முந்தைய ஆணையில் இல்லாதது. நிலமுடைய சாதியாரோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுப் பின்தங்கிய உழவர், கைவினைஞர் பிள்ளைகளுக்குத் தனியே இரண்டு இடம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். பின்னால் நிகழ்ந்த எல்லாவற்றுக்கும் வித்து அதுவே.

ஆணை நெடுநாள் நிலைக்கவில்லை. மருத்துவக் கல்லூரி தொடர்பாகச் செண்பகம் துரைராஜனும் பொறியியல் கல்லூரி தொடர்பாகச் சி. ஆர். சீனிவாசனும் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 1950-இலும் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9-ஆம் நாளும் ஆணை செல்லாது என்றன. வழக்குத் தொடுத்த அம்மையார் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது வழக்கிலேயே வெளிப்பட்டது; நீதிமன்றம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. தமிழகம் கொந்தளித்தது. அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் பிரிவு சேர்ந்தது. கல்வியிலும் சமூக நிலையிலும் பின்தங்கியோர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். இன்று இந்தியா முழுவதும் உள்ள கல்லூரிச் சலுகைகள் பலவும் அந்த ஒரு பிரிவின்மேல் நிற்கின்றன.

சட்டம் ஒருபுறம் இருக்க, கல்லூரி எத்தனை கல் தொலைவில் இருக்கிறது என்பதும் ஏழைக்கு ஒரு சட்டமே. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா பெயராலும், திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி பெயராலும் விளங்கும் அரசு கலைக் கல்லூரிகள் 1960-களின் இறுதியில் தோன்றின. ஆ. கோவிந்தசாமி உழைப்பாளர் கட்சியின் வழியே அரசியலுக்கு வந்து, அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்று, 1969-இல் மறைந்தவர். அதுவரை பெட்டியும் படுக்கையும் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ இரயிலேற வேண்டியிருந்த பிள்ளை, இனி வீட்டிலிருந்தே கட்டுச்சோற்றோடு பேருந்தில் சென்று வரலாம் என்றாயிற்று. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தின் பயன் அளவிடற்கரியது. விடுதிக்கு அனுப்ப அஞ்சிய பெற்றோர் பேருந்துக்கு அஞ்சவில்லை. இன்று திருவெண்ணெய்நல்லூரிலும் அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளது.

இனி, பெரிதும் பேசப்படாத ஒரு தடை. அது மொழி. 1956-ஐ ஒட்டிப் பழைய இண்டர்மீடியட் ஒழிந்து, புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் படிப்பு கல்லூரிகளில் ஏற்பட்டது. அது 'பி.யு.சி.' என்றே எல்லாராலும் அழைக்கப்பட்டது. பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்த மாணவன், ஒரு கோடை விடுமுறை கழிந்ததும் இயற்பியலையும் வேதியியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் கேட்டான். விளங்குவதற்குள் ஆண்டு முடிந்தது, தேர்வும் வந்துவிட்டது. பி.யு.சி.யில் தவறி ஊர் திரும்பியவர் கதை அக்காலக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கேட்கக்கூடியது. அவர்களைத் 'தோற்றவர்' என்றே ஊர் சொல்லிற்று. படித்த பாடம் எந்த மொழியில் நடந்தது என்று கேட்டார் சிலரே.

அதைக் கேட்டவருள் ஒருவர் அன்றைய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு தமிழ்வழியில் தொடங்கப்பட்டது. அதற்குப் பாடநூல் வேண்டுமே. தமிழ் வெளியீட்டுக் கழகம் அமைந்து, கல்லூரிப் பாடங்கள் தமிழில் அச்சாயின. பின்னர் அப்பணி தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நூல்கள் பல அருமையானவை. கலைச்சொல்லுக்கு ஆசிரியர்கள் பட்ட பாட்டைப் பக்கந்தோறும் காணலாம். பழைய நூலகங்களில் தூசு படிந்து கிடக்கும் அவை மறுபதிப்புக்கு உரியன. தமிழ்வழி மாணவர்க்கு ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. எனினும் தமிழில் படித்தால் வேலை கிடைக்காது என்னும் அச்சம் ஊக்கத்தொகையினும் வலிதாக இருந்தது.

பி.யு.சி. என்னும் பள்ளத்தைத் தூர்த்தது 1978-இல் வந்த மேல்நிலைக் கல்வி. பிளஸ் டூ எனப்படும் அவ்விரண்டு ஆண்டுகள் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்தன. அதனால் கல்லூரியின் முதற்படி நகரத்தை விட்டு ஒன்றியத் தலைநகருக்கு இறங்கி வந்தது. மாணவன் தனக்குப் பழகிய ஆசிரியரிடம், பழகிய மொழியில், ஓராண்டுக்குப் பதில் ஈராண்டு படித்தான். ஏழை மாணவர்க்கு உதவும் திட்டம் என்று எவரும் இதற்குப் பெயரிடவில்லை. பெயரிட்டுத் தொடங்கிய பல திட்டங்களைக் காட்டிலும் இது அதிகம் உதவிற்று எனலாம்.

தொழிற்கல்வியில் மட்டும் புதிய தடை ஒன்று எழுந்தது. 1984-இல் ஏற்பட்ட நுழைவுத் தேர்வு, தனிப்பயிற்சிக்குப் பணமும் நகர வாழ்வும் உடையார்க்கே எளிதாயிற்று. கிராமப்புற மாணவர்க்கெனத் தனி ஒதுக்கீடு செய்து பார்த்தனர். அது நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2006-இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. பின்னர் மருத்துவத்துக்கு 'நீட்' தேர்வு வந்தது. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இலும், பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 2021-இலும் சட்டமாயின. இந்த மாணவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்றது. சேர்க்கையையும் செலவையும் ஒருங்கே கருதிய திட்டங்கள் அரியவை. இது அவற்றுள் ஒன்று.

இடையில் 1987-இல் வட மாவட்டங்களில் நிகழ்ந்த சாலை மறியல் போராட்டத்தையும் விட்டுவிடல் ஆகாது. அதனை முன்னின்று நடத்திய மருத்துவர் இராமதாசு திண்டிவனத்தில் மருத்துவத் தொழில் செய்தவர். உயிரிழப்புகளோடு முடிந்த அப்போராட்டத்தின் விளைவாக, 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 20 விழுக்காடு என்னும் பிரிவு உண்டாயிற்று. அதனால் கல்லூரி ஏறியவர் வன்னியர் மட்டும் அல்லர். அப்பிரிவில் அடங்கிய சிறிய சாதிகள் பலவும் அதனால் வாயில் கண்டன.

சட்டமும் ஒதுக்கீடும் உதவித்தொகையும் இருந்தும் எட்டாத மக்கள் இவ்வட்டாரத்திலேயே உளர். அவர்கள் இருளர். பழங்குடியினர் என்பதற்கான சாதிச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை, விடுதியும் இல்லை. அச்சான்றிதழைப் பெறுவதற்கோ முன்னோர் சான்றிதழைக் காட்ட வேண்டும். முன்னோர் எவரும் பள்ளிக்குச் சென்றிராத குடியில் அது எங்கே இருக்கும்? திண்டிவனம் அரசுக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே பல்லாண்டுகளாகப் போராடிவரும் செய்திகளுள் இச்சான்றிதழும் ஒன்று. திண்டிவனம் ரோசணையில் அவர் முயற்சியால் நடைபெறும் தாய்த்தமிழ்ப் பள்ளியும் குறிப்பிடத்தக்கது. கோட்டாட்சியர் அலுவலகத்து வாசலில் ஒரு தாளுக்காக நடந்த நடை, கல்லூரி வரலாற்றில் எழுதப்படுவதில்லை. எழுதப்பட வேண்டியது அது.

பெண்கல்விக்கு வருவோம். ஏழைப் பெண்கள் பட்டப்படிப்பைக் கட்டணமின்றிப் பயில ஈ.வெ.ரா. நாகம்மையார் பெயரால் ஒரு திட்டம் 1989-90-இல் வந்தது. அதே காலத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவும் திட்டமும் தொடங்கியது. பின்னாளில் அத்துடன் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அப்பெயரிலான திட்டமே 'புதுமைப் பெண்' ஆயிற்று. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்ற பெண், கல்லூரி முடிக்கும் வரை மாதந்தோறும் 1,000 ரூபாய் பெறுகிறாள். தாலிக்குச் சென்ற பணம் கல்லூரிக்குத் திரும்பியதை இக்காலத்து முதன்மையான மாற்றங்களுள் ஒன்றாகக் கருதலாம். ஆண்பிள்ளைகளுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. குடும்பத்தின் முதற்பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் உள்ளது.

சமணர் 2014 சனவரி 27-ஆம் நாள் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால் சிறுபான்மை மாணவர்க்குரிய மத்திய அரசின் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கும் தகுதி தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கிட்டியது. சமணர் எனின் வணிகர், வணிகர் எனின் செல்வர் என்று எண்ணுவார் மிகுதி. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து நயினார் வீடுகளில் நிலத்தையே நம்பி, மழை பொய்த்தால் கடன்படும் உழவர் பலர் என்பதை அன்னோர் அறியார்.

சேர்ந்த பின் என்ன? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை மெலிந்தது. அமெரிக்காவில் 1964-இன் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் கீழ், ஏழை மாணவரைக் கல்லூரிக்கு முன்னதாகவே ஆயத்தம் செய்யும் 'அப்வர்ட் பவுண்ட்' திட்டம் எழுந்தது. இந்தியாவில் ஐ.ஐ.டி.களில் 1973 முதல் பட்டியல் வகுப்பார்க்கு இட ஒதுக்கீடு உண்டு. மதிப்பெண் சற்றுக் குறைந்தோரை ஓராண்டு ஆயத்த வகுப்பில் வைத்துப் பயிற்றிச் சேர்க்கும் முறை பின்னர் அங்கே அமைந்தது. ஏனைய கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு பணம் தந்தது. பதினோராம் ஐந்தாண்டுத் திட்டத்தில், பட்டியல் வகுப்பார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோர்க்குக் குறைதீர் பயிற்சியும் பணித்தேர்வுப் பயிற்சியும் நெட் தேர்வுப் பயிற்சியும் அமைந்தன. மாணவர் அதனை 'ரெமிடியல் கிளாஸ்' என்றனர். கல்லூரி நேரம் முடிந்த பின், மாலையில் நடப்பது அது. திருவெண்ணெய்நல்லூருக்கும் செஞ்சிக்கும் செல்லும் பேருந்தை விட்டால் வீடு சேர வழியில்லாத பிள்ளை, தனக்காகவே வைத்த வகுப்பில் இருக்க இயலாமற் போவது உண்டு. பகுதி இரண்டு ஆங்கிலத்தில் அரியர் வைத்தவருள் இத்தகையோர் எத்தனை பேர் என்பதைப் பேருந்து நிலையத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்றால் ஒருவாறு கணிக்கலாம். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளில் மொழித்திறன் வகுப்புகளும் உள்ளன. அவை கல்லூரிக் கால அட்டவணைக்குள்ளேயே இடம்பெற்றது ஒரு முன்னேற்றம்.